டிரம்ஸ் இல்லாமல் மெட்டல் கவர்: அப்படியே வாசிப்பதா, நம் பாட்டாக்குவதா?

கோவை_கிதார் கேட்டது:

வணக்கம். நாங்கள் கோவையில் ஐந்து பேர். இரண்டு அகூஸ்டிக் கிதார், ஒரு வயலின், ஒரு கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி). பாடுவது என் தங்கை. கல்லூரியில் படித்தபோது எலெக்ட்ரிக் கிதார், முழு டிரம்ஸ் செட் எல்லாம் வைத்து மெட்டாலிகா, பிளாக் சாபத் போன்ற மெட்டல் (கனமான ராக்) குழுக்களின் பாட்டுகளை நோட்டுக்கு நோட் வாசித்துக்கொண்டிருந்தோம். டிரம்மருக்கு பெங்களூருவில் வேலை கிடைத்துவிட்டது. இப்போது ஒரு சின்ன அரங்கில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் வீடுகள் என்பதால் டிரம்ஸும் பெரிய ஆம்ப்பும் (கிதார் ஒலிபெருக்கி) கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு மெட்டலை விட மனசில்லை. மூன்று பாட்டு எடுத்து வைத்திருக்கிறோம்: சாபத்தின் 'ஐயன் மேன்', மெட்டாலிகாவின் 'ஃபேட் டு பிளாக்', ஸ்லேயரின் 'ரெய்னிங் பிளட்'. அதே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி), அதே டெம்போவில் அகூஸ்டிக்கில் வாசித்தால் ஒல்லியாகக் கேட்கிறது. எலும்பு மட்டும் இருக்கிறது, சதை இல்லை. கவர் (அடுத்தவர் பாட்டை நாம் வாசிப்பது) என்றாலும் அப்படியே நகல் எடுக்காமல், எங்கள் ஐந்து பேருடைய பாட்டாக மாற்ற ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நன்றாக வந்தால் பதிவு செய்து வெளியிடவும் எண்ணம் இருக்கிறது. அதற்கு அனுமதி வேண்டுமா?

ரிஃப்_முதலில்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெட்டலில் ரிஃப்தான் பாட்டு. சினிமாப் பாட்டில் மெட்டை வைத்துக்கொண்டு பின்னணி இசையை மாற்றலாம். இங்கே அது நடக்காது. சாபத்தின் முதல் ஆல்பத்தில் அவர்கள் பெயரிலேயே உள்ள பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே மூன்று ஸ்வரம்: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். அந்தப் பிரதி மத்யமத்தைச் சுத்த மத்யமம் ஆக்கினால் பாட்டே போய்விடும். அவர்கள் கிதார்காரர் டோனி ஐயோமி பர்மிங்காமில் இரும்புத் தகடு ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, தானே செய்த உறைகளை மாட்டிக்கொண்டு வாசித்தவர். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்தி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த சத்தம் அப்படிப் பிறந்தது. அதை எடுத்துவிட்டு மிச்சத்தை வாசிப்பதற்குப் பதிலாக, அகூஸ்டிக்குக்குப் பொருந்துகிற வேறு பாட்டை எடுக்கலாமே. டோரி ஏமஸ் பாடிய 'ரெய்னிங் பிளட்' கேட்டேன். நல்ல பாடகி, ஆனால் அது அந்தப் பாட்டு இல்லை.

பெரம்பூர்_பியானோ:

தம்பி, உன் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒல்லியாகக் கேட்கிறது என்றாயே, அங்கிருந்தே தொடங்கலாம். நான் பெரம்பூரில் பியானோ சொல்லிக்கொடுப்பவன். தேவாலயப் பாடற்குழுவுக்கும் சின்ன ஸ்டூடியோக்களுக்கும் அரேஞ்ச்மென்ட் எழுதுகிறேன். மெட்டல் எனக்குப் பள்ளி வயசிலிருந்து உயிர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'ஐயன் மேன்' ரிஃப்பின் முதல் பவர் கார்டு (ச-ப மட்டும் சேர்ந்த கார்டு) B, F♯ என்ற மேற்கத்திய ஸ்வரங்கள். கீழ் B சுமார் 123 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே உள்ள F♯ சுமார் 185. இரண்டும் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் (ஆம்ப் ஒலியைக் கரகரப்பாக்குவது) போகும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு ஸ்வரமாக வெளியே வரும். 185-இல் 123 போனால் 62. அது இன்னும் ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற B. யாரும் மீட்டாத அந்த ஸ்வரத்தை ஆம்ப்தான் உண்டாக்குகிறது, அதோடு பேஸ் கிதாரும் சேர்ந்துகொள்கிறது. உன் அகூஸ்டிக் கிதாரின் கடைசித் தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான். அந்த 62 உன் கையில் இல்லவே இல்லை. எவ்வளவு பலமாக அடித்தாலும் வராது. நீ தேடுகிற சதை அதுதான். ஆகவே பலமாக அடிப்பதை முதலில் நிறுத்து.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். மெட்டலில் பவர் கார்டு ஏன் ச-ப மட்டும்? காந்தாரத்தையும் சேர்த்து டிஸ்டார்ஷனில் விட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஸ்வரங்கள் கூட வந்து கலங்கிவிடும். அதனால் காந்தாரத்தை விட்டுவிடுகிறார்கள். காந்தாரம் இல்லாத கார்டு மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. அதாவது பாட்டை எழுதியவரே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். டிஸ்டார்ஷனை எடுத்த நிமிஷம் அந்தக் காலி இடம் உனக்குக் கிடைக்கிறது. அங்கே என்ன வைக்கிறாய் என்பதில்தான் உன் பாட்டு ஆரம்பிக்கிறது. ரிஃப்பை ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல் இதைச் செய்யலாம் என்பதை மேலே எழுதிய நண்பருக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ரிஃப் B, D, E என்று ஏறி, G-க்கும் F♯-க்கும் இடையே ஆடி, மறுபடி D, E என்று முடியும். B மேலே D வைத்து மைனர் ஆக்குவது எல்லாருக்கும் தோன்றும். E வரும்போது நிறுத்தி யோசி. G வைத்தால் E மைனர், சோகம் அப்படியே தொடரும். G♯ வைத்தால் E மேஜர், சட்டென்று ஒரு வெளிச்சம். ஆனால் அடுத்து மெட்டிலேயே G வருகிறது, இப்போதுதான் கேட்ட G♯-ஓடு அது உரசும். எனக்கு அந்த உரசல் பிடிக்கும். அந்தப் பாட்டின் கதைக்கும் பொருந்தும் என்பேன்.

கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் சொல்லைக் கவனிக்காமலே ரிஃப் வாசிக்கிறார்கள். ஒருவன் எதிர்காலத்துக்குப் போய் உலகம் அழிவதைப் பார்க்கிறான். எச்சரிக்கலாம் என்று திரும்பி வரும் வழியில் காந்தப் புலத்தில் மாட்டி இரும்பாகிவிடுகிறான். வாய் பேச முடியவில்லை. யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் எந்த அழிவைத் தடுக்க வந்தானோ அதை அவனே செய்கிறான். 1970-இல் சாபத்தின் பேஸ் கிதார்காரர் கீசர் பட்லர் எழுதியது. இதில் கோபம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் தனிமை இருக்கிறது. சாபத் கோபத்தை வாசித்தார்கள். உன் தங்கை தனிமையைப் பாடலாமே.

இதைச் செய்த ஒரு குழு உண்டு. ஸ்வீடனின் கார்டிகன்ஸ், 1996. இனிப்பான பாப் குழு என்றுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன் கிதாரும் பேஸும் மெட்டல் வாசித்து வளர்ந்தவர்கள். அதன் பாடகி நீனா பெர்ஸன் 'ஐயன் மேன்' பாட்டை மெல்லிய குரலில், அலட்டாமல் பாடுகிறார். மூலத்தில் சாபத்தின் பாடகர் ஆஸி ரிஃப்பையே பாடுகிறார், கவனித்திருக்கிறாயா? கிதார் போகும் வழியிலேயே குரலும் போகும். மெதுவான கவருக்கு இதுதான் பெரிய சிக்கல். கிதாரும் குரலும் ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தால் அகூஸ்டிக்கில் அது ஒல்லியாகத்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துவிடு. ரிஃப்பை உன் தங்கையிடம் கொடு. கிதார் B மைனரிலேயே நிற்கட்டும், வரி முடியும் இடத்தில் மட்டும் E-க்கு நகரட்டும். ரிஃப்பில் ஒரு ஸ்வரமும் குறையவில்லை, ஆனால் அதைக் குரல் மட்டும் சுமக்கிறது.

டோரி ஏமஸ் பற்றி நண்பர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பாடிய அந்தக் கவர் உள்ள 2001 ஆல்பம் முழுக்க ஆண்கள் எழுதிய பாட்டுகள், அவற்றைப் பெண்ணின் பக்கத்திலிருந்து பாடிப் பார்க்கிறார். மூலப் பாட்டு உள்ள ஸ்லேயரின் 1986 ஆல்பம் 29 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், மூச்சு விட நேரம் தராது. அந்த வேகத்தைப் பியானோவில் துரத்தினால் விரல் வித்தைதான் மிஞ்சும். டோரி ஏமஸ் பியானோவின் அடி ஸ்வரங்களை மெதுவாக அடித்து, ஒலி தேய்ந்து போவதையே பயன்படுத்துகிறார். டிஸ்டார்ஷன் கிதாரில் ஸ்வரம் நீண்டு நிற்கும், பியானோவில் அடித்த நொடியிலிருந்து சாகத் தொடங்கும். அந்தச் சாவைப் பாட்டின் பொருளாகவே ஆக்கிவிட்டார். இருட்டில் தனியாகக் கேட்டுப் பாருங்கள், மூலத்தைவிடப் பயமாக இருக்கும். உன் குழுவில் பியானோ இல்லை. அதனால் இந்தப் பாட்டை இப்போதைக்கு விட்டுவிடு என்பது என் யோசனை.

'ஃபேட் டு பிளாக்' பாட்டும் வேண்டாம். அது தொடக்கமே அகூஸ்டிக் கிதார்தான். அமைதியில் ஆரம்பித்து கனத்துக்குப் போவதுதான் அதன் உடம்பு. நீங்கள் வாசித்தால் மூலத்தின் முதல் பாதி மட்டும் கேட்கும், போய்ச் சேர இடம் இருக்காது.

டிரம்மர் இல்லை என்ற கவலைக்கு அபோகாலிப்டிகாவின் முதல் ஆல்பத்தைக் கேள். ஹெல்சிங்கியில் சிபெலியஸ் அகாடமியில் படித்த நான்கு செல்லோக்காரர்கள், 1996-இல் எட்டு மெட்டாலிகா பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் இல்லை, குரலும் இல்லை. நோட்டாகப் பார்த்தால் பெரும்பாலும் மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனாலும் அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தாளம் வில்லின் அடியில் இருக்கிறது. மெட்டாலிகாவின் பாடகர் ஹெட்ஃபீல்ட் உறுமிய வரிகளைச் செல்லோ இழுத்துப் பாடும்போது அந்த மெட்டு எவ்வளவு அழகானது என்று முதல் முறையாகத் தெரிகிறது.

எனக்கு மிகப் பிடித்த மெட்டல் கவர் எதுவென்றால் சார்லஸ் பிராட்லி பாடிய 'சேஞ்சஸ்'. சாபத்தின் 1972 பாட்டு. மூலத்திலேயே கனமான கிதார் கிடையாது, பியானோவும் மெல்லோட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு)தான். அது ஒரு மணமுறிவின் வலி. பிராட்லி சோல் பாடகர், வாழ்நாளெல்லாம் கஷ்டப்பட்டு அறுபது வயதுக்கு மேல்தான் பெயர் வாங்கியவர். அவர் அதைத் தன் அம்மாவை நினைத்துப் பாடினார். மெட்டு அதே மெட்டு. யாரை இழந்தோம் என்பது மட்டும் வேறு. அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் கதறலைக் கேட்ட பிறகு அரேஞ்ச்மென்ட் பற்றிப் பேசவே எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பாடுகிறவருக்கு இடம் விடுவதுதான் அரேஞ்ச்மென்ட்.

ரிஃப்_முதலில்:

G♯ யோசனையைக் கிதாரில் வாசித்துப் பார்த்தேன். உரசல் நன்றாகவே இருக்கிறது. ரிஃப்பைக் குரலிடம் விடுவதற்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேகமான பாட்டை மெதுவாக்கினால் ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இணையத்தில் எந்த மெட்டல் பாட்டைத் தேடினாலும் சோகமான பியானோ கவர் ஒன்று வருகிறது, எல்லாம் ஒரே மாதிரி.

பெரம்பூர்_பியானோ:

அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மெதுவாக்குவது ஒரு வழி மட்டுமே. ரொட்ரிகோ இ கப்ரியேலா தெரியுமா? மெக்சிகோவில் த்ராஷ் மெட்டல் (அதிவேக மெட்டல்) வாசித்துக்கொண்டிருந்த இருவர், பிறகு டப்ளினுக்குப் போய் இரண்டு நைலான் தந்தி கிதாரோடு தெருவில் வாசித்தார்கள். 2006 ஆல்பத்தில் மெட்டாலிகாவின் 'ஓரியன்' இருக்கிறது. வேகமும் குறையவில்லை, சோகமும் பூசவில்லை. கப்ரியேலாவின் வலது கை கிதார் பெட்டியையே தட்டி டிரம்ஸ் ஆக்குகிறது. டிரம்மரை இழந்த குழுவுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்டலே இப்படி வளர்ந்ததுதான். சாபத்தின் முதல் சிங்கிள் க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. ஜோன் பாயஸ் 1975-இல் கிதாரோடு பாடிய 'டைமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்' பாட்டை ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழு 1977-இல் குதிரை ஓட்டத்தில் வாசித்தார்கள். யாரும் அவர்களை ஏன் மூலம்போல வாசிக்கவில்லை என்று கேட்கவில்லை.

வில்_பிடித்தவள்:

வயலின் பக்கத்திலிருந்து கொஞ்சம். நான் கர்நாடக முறையில் கற்றவள், கல்லூரி ராக் குழுவிலும் வாசித்தேன். உங்கள் வயலின்காரர் எந்த முறை என்று சொல்லவில்லை. கர்நாடக முறை என்றால் அவருடைய தந்திகள் ச-ப-ச-ப. அண்ணன் மேலே சொன்ன பவர் கார்டு அவர் கையில் திறந்த தந்தியிலேயே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு தந்தியைச் சேர்த்து நீளமாக ஒரு வில் போட்டால் போதும், சுருதிப்பெட்டி மாதிரி நிற்கும். B-யில்தான் பாட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாடுகிறவருக்கு வசதியான கட்டையில் (சுருதியில்) ச வைத்துக்கொண்டு, கிதாருக்குக் கேப்போ (தந்திகளை அழுத்தும் பிடிப்பான்) போடுங்கள்.

பாம் மியூட் (கிதாரில் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிப்பது) சத்தம் வேண்டுமென்றால் வில்லின் அடிப்பகுதியில், கை பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், குட்டிக் குட்டியாகக் கீழ்வில்லாகவே அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வில்லை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். கொஞ்சம் கரகரக்கும், அந்தக் கரகரப்பு நமக்கு வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. மெட்டலில் அடிக்கடி வரும் ஃபிரிஜியன் ஸ்கேல் நம் தோடி ராகத்தின் ஸ்வரங்கள்தான். காந்தாரம் மட்டும் மேஜராக மாறினால் வகுளாபரணம். இது தெரிந்ததும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், ரிஃப் மேல் கமகத்தைக் கொட்டிவிடுவார்கள். தோடியின் காந்தாரம் அசையாமல் நிற்காது. கிதார் அதே காந்தாரத்தை அசைக்காமல் வாசிக்கும்போது வயலின் அதை ஆட்டினால் இரண்டும் சேராது, ஒன்றையொன்று கெடுக்கும். கமகம் போடப்போகும் ஸ்வரத்தைக் கிதார் தொடக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் என்பதைக் காட்டுவதற்காக ராகத்தை ஒட்டவைக்க வேண்டியதில்லை. கை தானாக எங்கே வளைகிறதோ அங்கே வளையட்டும்.

உரிமை_கேள்வி:

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் வக்கீல். பொதுவாகச் சொல்கிறேன், வெளியிடும் முன் யாரிடமாவது உங்கள் விவரங்களோடு ஆலோசனை கேளுங்கள்.

மேடையில் வாசிப்பதற்குப் பொது நிகழ்ச்சி உரிமம் வேண்டும். வழக்கமாக அரங்கமோ ஏற்பாட்டாளரோ ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதியவர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் சங்கம்) அமைப்பிடம் வாங்குவார்கள். வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு வேறு கதை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு கவர் பாட்டுக்கானது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், முன்னறிவிப்பும் ராயல்டியும் தர வேண்டும். உங்கள் பாட்டுகள் பழையவை, கால வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் அதே பிரிவு, உரிமையாளர் முன்பு சம்மதிக்காத மாற்றத்தையோ தொழில்நுட்பத் தேவை இல்லாத மாற்றத்தையோ பாட்டில் செய்யக்கூடாது என்கிறது. அதாவது நோட்டுக்கு நோட் வாசிப்பவருக்கு இந்த வழி எளிது, உங்களைப்போல் மாற்றி அமைப்பவருக்குக் கடினம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம். உங்கள் பாணிக்குத் தேவையான அளவு அரேஞ்ச்மென்ட் செய்யலாம், அடிப்படை மெட்டையும் பாட்டின் தன்மையையும் மாற்றக்கூடாது.

ஆகவே மாற்றிய வடிவத்தை வெளியிட வேண்டுமென்றால் பாட்டின் உரிமை வைத்திருக்கும் பதிப்பகத்திடம் நேரடியாக எழுதிக் கேட்பதே பாதுகாப்பு. வரிகளைத் தமிழில் பாடப்போகிறீர்கள் என்றால் அது மொழிபெயர்ப்பு. அதற்குத் தனி அனுமதி கட்டாயம்.

கோவை_கிதார்:

எல்லோருக்கும் நன்றி. 'ஐயன் மேன்' மட்டும் எடுக்கிறோம், மற்ற இரண்டையும் விட்டாயிற்று. நேற்று சாயங்காலம் தங்கை ரிஃப்பைத் தனியாகப் பாட, வயலின் அக்கா இரண்டு தந்தியில் வில் போட்டார். அவர் கர்நாடக முறைதான். A-வுக்கு இறக்கிவிட்டோம். உரசும் அந்தக் காந்தாரத்தைத் தங்கை உடனே பிடித்துக்கொண்டாள், மாற்றவே கூடாதாம்.

பெரம்பூர் அண்ணா, ஒரு சந்தேகம். பாட்டின் கடைசியில் டெம்போ ஏறி சோலோ வருகிறது அல்லவா, அதை என்ன செய்வது? கஹோனில் அந்த வேகம் வருகிறது, ஆனால் தட்டுவது மட்டும்தான் கேட்கிறது, மற்றதெல்லாம் அமுங்கிப் போகிறது.

பெரம்பூர்_பியானோ:

நல்ல செய்தி. A-வுக்கு இறக்கியது சரி. E மேஜர் இருந்த இடம் இப்போது D மேஜர், அதன் F♯-தான் மெட்டின் F-ஓடு உரசும். கார்டு எழுதும்போது மற்ற கிதார்காரர் குழம்பாமல் பார்த்துக்கொள்.

கடைசி வேகப் பகுதி கதையில் அவன் பழிவாங்கும் இடம், அதை வெட்டாதே. வேகத்தைக் கஹோனிடம் கொடுக்காமல் வயலினிடம் கொடு. மேலே சகோதரி சொன்ன அந்தக் கரகரப்பான குட்டி வில் அங்கேதான் முதல் தடவையாக வரவேண்டும், அதுவரை நீள வில் மட்டுமே. கஹோன் அங்கே பாதி வேகத்தில், பெட்டியின் நடுவில் உள்ளங்கையால் அடிக்கும் கனமான அடி மட்டும் போடட்டும். ஓரத்து அடி வேண்டாம், அதுதான் மற்றவர்களை அமுக்குகிறது. சோலோவை நோட்டாக எடுக்க வேண்டியதில்லை. தங்கை சொல் இல்லாமல் ரிஃப்பையே மேல் ஸ்தாயியில் பாடினால் அங்கே சோலோ தேவைப்படாது என்று நினைக்கிறேன். சோலோ வைத்தும், தங்கை பாடியும், இரண்டு விதமாகவும் போனில் பதிவு செய்து அனுப்பு, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.